நான்காம் சதுரம்

செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
கியர் மாற்றிக் கனைக்கும் வளைவில்,
பாரிட் செலாசியின் ஒரே மளிகைக்கடை மாடியில்,
என் அறை ஐஸ்பெட்டிக்குள்
மீன் இல்லை, இறைச்சி இல்லை.
சேறு.
இருபத்து நான்கு புட்டி, ஒவ்வொன்றுக்கும் தேதி.

“நீ டீச்சரா, கெராங் விக்கிறவளா?”
வாடகை வாங்க வரும்போதெல்லாம் கேட்பார் ஜெகதாம்பாள்.
இரண்டுக்கும் நடுவில் என்பேன்.
அப்படி ஓர் இடம் இருப்பதாக
அவர் நம்பியதில்லை.

என் வேலை எண்ணுவது.
நீர் வடிந்து கிடக்கும் இரண்டு மணி நேரம்
பலகைமேல் ஒரு முழங்காலை மடித்து
மறுகாலால் சேற்றை உந்தி வழுக்கிப் போய்
மூங்கில் நட்ட நான்கு சதுரங்களில் எண்ணுவது.
முதல் சதுரத்தில் மீட்டருக்கு ஆயிரத்து இருநூறு குஞ்சு,
அடுத்து எண்ணூறு, அறுநூறு,
நான்காவதில்
முந்நூறே முந்நூறு.

படகு விளிம்பில் உட்கார்ந்து சிரித்தார்
தியோ பூன் ஹாக்:
“பாதிச் சேத்தைச் சும்மா போட்டா
பேங்க்காரன் சேத்தையா வாங்கிக்குவான்?”
அவர் தமிழ்
அப்பா நடத்திய தோட்டக் கடையின்
கடன் புத்தகத்தில் படித்தது;
வட்டி போல எங்கும் பிசகாது.

நெருக்கி விதைத்தால் எல்லாம் வாழும், எதுவும் வளராது.
இதைச் சொல்ல எனக்குப் பதினான்கு மாதம் வேண்டும்.
அரிசிமணி அளவில் போட்டதை
முப்பத்திரண்டு மில்லிமீட்டர் ஆகும்வரை
காலிப்பர் வாயில் கொடுத்து
வாங்கி
திரும்பச் சேற்றில் புதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குணாளன் ஆலையில் தண்ணீர் சோதிப்பவன்.
அவனும் நானும் தேடுவது ஒரே அமோனியா,
முதலாளிதான் வேறு.
வெள்ளி இரவு பதினொன்றுக்கு அழைத்தான்:
“அஞ்சாம் குட்டை ரொம்பிடுச்சு. மழை விடலன்னா
விடியறதுக்குள்ள திறந்துடுவாங்க.
நான் சொல்லல.”
நீ சொல்லல, என்றேன்.

மதகடியில், இருட்டில், குடை பிடிக்க ஆளின்றி
திறக்குமுன் ஒரு புட்டி
திறந்தபின் ஒரு புட்டி
ஆற்றுவாயில் மூன்று.
இருபத்திரண்டில் நின்ற உப்பு
ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.
மழையும் குட்டையும் ஒரே இரவில் வந்தன;
கொன்றது எது என்று
செத்த சிப்பி சொல்லாது.
குறிப்பேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘மழை’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
கட்டம் இன்னும் காலி.

மறுவாரம் முதல் சதுரம் வாய் பிளந்து கிடந்தது.
நாற்றம் படகுத்துறை வரை.
மூன்றாவதில் பாதி.
நான்காவதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரோடு,
தொட்டதும் படக்கென்று மூடிக்கொண்டன,
கோபக்காரக் குழந்தைகள் போல.
அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல அறிக்கை.
ஆனால் இரண்டாம் சதுரம்,
எண்ணூறு குஞ்சு நெருக்கிய சதுரம்,
கணக்கைக் கெடுக்கவே பிறந்ததுபோல்
நன்றாகவே இருந்தது.
பக்கத்தில் ஒரு மணல்திட்டு. அதனாலா?
மூன்று முறை எண்ணினேன்.
எண்ணிக்கை அசையவில்லை.

தியோவிடம் சொன்னேன்:
குறைத்து விதைப்பது நல்லதாக இருக்கலாம்.
இன்னும் தெரியவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாமல்
கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதையே
அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினார்.

அடுத்த வடிநீரில் போனால்
என் நான்கு சதுரத்துக்கு அப்பால்
பச்சை மூங்கில், புதிதாக,
எட்டுச் சதுரம்.
நாலு மணல்திட்டுப் பக்கம், நாலு எதிர்ப்பக்கம்.
“நாலை வெச்சு என்னா தெரியும்?
எண்ணு” என்றார்,
ஏதோ நான்தான் சோம்பேறி என்பதுபோல்.

ஐஸ்பெட்டியில் இடமில்லை இப்போது.
ஜெகதாம்பாள் கீழே கடையில்
ஐஸ்கிரீம் பெட்டியின் ஓர் அடுக்கை ஒழித்துத் தந்து
தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்:
‘சேறு. விற்பனைக்கு அல்ல.’
அந்த அடுக்குக்கு
வாடகை தனி.